"போலீஸ் கேஸ், ஜி.எச். போங்க" என்று திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: பைக் விபத்தில் தலையில் அடிபட்டுக் கிடந்த ஒருவரைப் பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றேன். "ஆக்சிடென்ட் கேஸ், ஜி.எச்.சுக்குப் போங்க. இங்கேயே பார்க்கணும்னா முதலில் 30,000 ரூபாய் கட்டுங்க" என்றார்கள். இது சரியா? தூக்கிப் போன எனக்கு ஏதும் சிக்கல் வருமா?

பதில்: சரியில்லை. இதே மாதிரி ஒரு சம்பவத்தில்தான் சட்டம் தெளிவானது. கார் மோதி விழுந்த ஸ்கூட்டர்காரரை ஒரு மருத்துவமனை சேர்க்க மறுத்து, 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொன்றுக்கு அனுப்பியது. வழியிலேயே உயிர் போய்விட்டது. அந்தச் செய்தியை வைத்துத் தொடரப்பட்ட பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: முதலில் உயிரைக் காப்பாற்று, போலீஸ் நடைமுறை அப்புறம். அரசு, தனியார் என்ற பேதம் அதில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் சாலை விபத்து விஷயத்தில் இதையே சொல்கிறது. ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் வேலை, உங்களுடையது அல்ல.

ஆனால் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. மருத்துவமனை முழுச் சிகிச்சையையும் இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ரத்தப்போக்கை நிறுத்துவது, மூச்சு சீராக வழி செய்வது என்று, தன்னிடமுள்ள வசதியைக் கொண்டு ஆபத்தான நிலையைத் தாண்ட வைக்க வேண்டும். அதற்குமேல் முடியாவிட்டால், என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுத்து, பாதுகாப்பாக வேறிடத்துக்கு அனுப்பலாம். அதனால் கவுண்டரில் நின்று "ஃப்ரீயா பாருங்க" என்று வாதாடாதீர்கள். "முதலுதவி பண்ணி, ரெஃபரல் எழுதிக் கொடுங்க, இல்லையென்றால் பார்க்க முடியாது என்பதையாவது எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். மறுப்பை எழுதித் தர யாரும் அவ்வளவு லேசில் முன்வர மாட்டார்கள். டியூட்டி டாக்டர் எழுந்து வந்துவிடுவார். அதற்கும் மசியாவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். சண்டை போட அது நேரமில்லை.

பணத்துக்காகச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது இன்னும் மோசம். கொல்கத்தாவில் பேருந்து மோதிய ஒரு கல்லூரி மாணவருக்குச் சிகிச்சையைத் தொடங்கிய தனியார் மருத்துவமனை, 15,000 ரூபாய் உடனே கட்டவில்லை என்று முக்கால் மணி நேரத்தில் கைவிட்டது. மாணவர் இறந்துபோனார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2005-இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது.

செலவைப் பொறுத்தவரை, சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு, 2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள், கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரத்துக்குக் கைகொடுக்கும். அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உங்களுக்குச் சிக்கல் வராது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது சேர்ந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரை உரிமையியல், குற்றவியல் பொறுப்பு இரண்டிலிருந்தும் காக்கிறது. விரும்பாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். சேர்த்துவிட்டுக் கிளம்பலாம்.

புகார் தருவதென்றால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்தில் கொடுங்கள். இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற உரிமை அடிபட்டவருக்கோ அவர் குடும்பத்துக்கோ உண்டு. அதற்கு இரண்டு ஆண்டுகள்தான் கெடு என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள்.