தாழ்மை, அருள், சேவை என்று கேட்பதை அன்றாடம் வாழ்வது எப்படி?

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். புழுதியில் நடந்து வந்தவர்களின் கால் கழுவுவது அந்தக் காலத்தில் வேலைக்காரர் செய்வது. இயேசு இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு தம் சீடர்களுக்கு அதைச் செய்தார். அவரைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ் எழுந்து போனது அதற்குப் பிறகுதான். அவன் காலும் கழுவப்பட்டது. அருள் தகுதி பார்ப்பதில்லை.

இதை நினைத்து இங்கே திருகோணமலையிலும் பெரிய வியாழன் (பெரிய வெள்ளிக்கு முதல் நாள்) பூசையில் 12 பேரின் கால் கழுவுவார்கள். வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போவோம் (நானும்தான்!).

அம்மம்மா செய்தது வேறு. வேலிச் சண்டையில் பத்து வருசம் பேசாத பக்கத்து வீட்டு ஆச்சி படுக்கையில் விழுந்தார். அம்மம்மா தினமும் சுடுதண்ணியோடு போய் அவர் முதுகைத் துடைத்துவிட்டு வருவார். யாரிடமும் சொன்னதில்லை. ஆச்சி கடைசிவரை நன்றி சொல்லவில்லை. வேலியும் அப்படியே நின்றது.