டெகோப்பா வெந்நீர் ஊற்று: குளித்த கையோடு வண்டி எடுக்காதீர்கள்

கேள்வி: டிசம்பர் கடைசியில் 25 அடி ஆர்வி (படுக்கை, சமையல், ஷவர் வசதியுள்ள வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டெத் வேலி பாலைவனத்துக்குப் போகிறோம். திரும்பும் வழியில் டெகோப்பா என்ற சிற்றூரின் வெந்நீர் ஊற்றில் இரண்டு மணி நேரம் குளித்துவிட்டு அன்றிரவே வீடு வந்து சேர முடியுமா? பிபி மாத்திரை சாப்பிடும் 68 வயது அம்மாவும், 9 மற்றும் 4 வயதுப் பிள்ளைகளும் உடன் வருகிறார்கள்.

பதில்: தாராளமாகப் போங்கள், பாலைவனக் குளிருக்கு அதைவிடச் சுகம் வேறில்லை. ஆனால் அன்றிரவே திரும்பும் திட்டத்தை விட்டுவிடுங்கள். 40 டிகிரி செல்சியஸ் நீரில் உட்கார்ந்ததும் ரத்தக்குழாய்கள் விரிந்து பிபி இறங்கும். உடம்பு நன்றாக வியர்க்கும், தண்ணீருக்குள் இருப்பதால் நமக்கு அது தெரியாது. வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் கண் சொக்க ஆரம்பிக்கும். அந்த நிலையில் 127ஆம் நெடுஞ்சாலையின் இருட்டில் பேக்கர் என்ற ஊர் வரை போய், அப்புறம் 15ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, மொத்தம் நாலு மணி நேரம் ஆர்வி ஓட்டுவது ஆபத்து. டெகோப்பாவிலேயே இரவு தங்குங்கள். வெந்நீர் ஊற்றுக் குளியலறையோடு சேர்ந்த ஆர்வி முகாம்கள் அங்கே உண்டு. குளிர்காலம்தான் அவர்களுக்கு சீசன் என்பதால் இப்போதே பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்யும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக உள்ள பொதுக் குளியலறைகளில் துணியில்லாமல் குளிப்பதுதான் அந்த ஊர் வழக்கம். அம்மாவுக்கு அது சங்கடமாக இருந்தால், குடும்பத்துக்கு மட்டும் தனி அறை கிடைக்குமா என்று விசாரியுங்கள். அங்கே போய் நின்று திகைப்பதைவிட இது நல்லது.

அம்மா முதலில் தன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். அவர் சரி என்றால், 104 ஃபாரன்ஹீட்டுக்கு (40 செல்சியஸ்) மேல் போகாத தொட்டியில் பத்து நிமிடம் போதும். எழுந்திருக்கும் நேரம்தான் முக்கியம்: படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக எழ வேண்டும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், ஈரத் தரையில் விழுந்துவிடக் கூடும். முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். 9 வயதுப் பிள்ளை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் பத்து நிமிடம் உட்காரலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் சூடான தொட்டியில் இறக்கக் கூடாது, ஆகவே சின்னவர் வெளியிலேயே இருக்கட்டும்.

ஊருக்கு வெளியே திறந்தவெளியில் சேற்றுக் குளங்களும் உண்டு. அங்கே இறங்கினால் தலையை முக்காதீர்கள், மூக்கில் நீர் ஏற விடாதீர்கள். வெதுவெதுப்பான இயற்கை நீரில் வாழும் நேக்ளேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். மிக அரிதான தொற்று, ஆனால் வந்தால் பிழைப்பது அபூர்வம். பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப் போகாமல் இருப்பதே என் யோசனை.

வண்டியையும் அங்கே இறக்க வேண்டாம். தரை வெள்ளை வெளேரென்று உப்புப் பொருக்கு பூத்து, காய்ந்த களிமண் மாதிரி கெட்டியாகத் தெரியும். ஒருமுறை கால் வைத்துப் பார்த்தேன்: பொருக்கு அப்பளம் போல நொறுங்கி, கணுக்கால் வரை கறுப்புச் சேறு. என் எடைக்கே அந்தக் கதி என்றால், ஐந்தாறு டன் ஆர்வி என்ன ஆகும்? இழுவை வண்டி வெகு தூரத்திலிருந்து வர வேண்டும். வாடகை ஒப்பந்தங்கள் பலவும் தார் போடாத சாலையில் ஓட்டுவதற்கே தடை போட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

குடிநீர் விஷயத்தில் அலட்சியம் கூடாது. டெகோப்பா நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் அதிகம். கொதிக்க வைத்தாலும் அவை போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். அதனால் டெத் வேலியில் ஃபர்னஸ் கிரீக்கிலேயே கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து, நல்ல தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். அங்கிருந்து டெகோப்பாவுக்கு 190, 127ஆம் நெடுஞ்சாலைகள் வழியாகச் சுமார் 70 மைல். பெட்ரோலை வழியிலுள்ள ஷோஷோன் ஊரில் போட்டுக்கொள்ளுங்கள்.

சோப்பு, எண்ணெய் எல்லாம் ஆர்வி ஷவரோடு நிற்கட்டும், குளித்துவிட்டு ஊற்றுக்குப் போங்கள். இந்த ஊற்றுகளில் மட்டுமே வாழ்ந்த டெகோப்பா பப்ஃபிஷ் என்ற குட்டி மீன் இருந்தது. குளியலறை கட்டுவதற்காக ஊற்றுகளின் ஓட்டத்தை மாற்றியதில் அதன் வாழிடம் போயிற்று. அழிந்துவிட்டது என்று 1982இல் அமெரிக்க அரசு அதை அருகிவரும் உயிரினங்கள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அந்த நீரில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த மீன் ஞாபகம் வரும். மிச்சம் இருப்பதையாவது நாம் கெடுக்காமல் இருப்போம்.

இரவில் குளிர் உறைநிலைக்குப் பக்கத்தில் இறங்கும். ஈரத் தலையோடு காற்றில் நடக்காதபடி ஆளுக்கு ஒரு கம்பளித் தொப்பி, வழுக்காத செருப்பு, கையில் டார்ச். ஆர்வியின் இரும்புப் படி ஈரக் காலுக்கு நன்றாக வழுக்கும், அதில் ஒரு பழைய துண்டை விரித்து வையுங்கள். மறுநாள் விடிகாலையில் இன்னொரு பத்து நிமிடம் குளிக்கலாம். டிபன் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வண்டியை எடுங்கள்.