நன்றாகத் தின்றும் இளைக்கும் பூனை: கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனைக்கு 13 வயது. புரட்டாசியில் நாங்கள் மீனோ கறியோ சமைப்பதில்லை என்பதால், அந்த மாதம் அது இளைத்தபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரதம் முடிந்து, டின் மீன் குழம்பை மறுபடியும் ருசி பார்க்கத் தொடங்கிய பின்னரும் இளைப்பு நிற்கவில்லை. முன்பைவிட அதிகமாகத் தின்கிறது, இரவெல்லாம் கத்துகிறது, 4.6 கிலோ இருந்தது இப்போது 3.4 கிலோ. பூனைக்கும் தைராய்டாக இருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. தைராய்டுக்கு நான் தினமும் காலையில் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அதில் கால் பங்கைப் பூனைக்குக் கொடுத்துப் பார்க்கலாமா, டாக்டர்? (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: கொடுக்கவே கூடாது, அம்மா. தைராய்டுக்கென்று தினமும் காலையில் எடுத்துக்கொள்ளும் மாத்திரை பெரும்பாலும் தைராக்சின்தான். சுரப்பி போதிய அளவு சுரக்காதவர்களுக்கு அந்தக் குறையை ஈடுசெய்யத் தரப்படுவது. முதிய பூனைகளுக்கு வருவதோ இதற்கு நேர் எதிரான நோய்: சுரப்பி தேவைக்கு மேல் சுரந்து, உடலை ஓய்வில்லாமல் விரட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் தைராக்சினையும் கொடுத்தால் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் இன்னும் ஏறும். நாய்களுக்குப் பெரும்பாலும் மனிதர்களைப் போலக் குறைசுரப்பே வரும் என்பதால், நாய் வளர்க்கும் உறவினர்களின் அனுபவமும் இங்கே பயன்படாது.

ஆனால், நோயின் பெயரைப் பக்கத்து வீட்டு அக்கா சரியாகவே ஊகித்திருக்கக்கூடும். பத்து வயதைக் கடந்த பூனை, பசி கூடியும் எடை குறைந்துகொண்டே போனால், எங்களுக்கு முதலில் எழும் ஐயம் மிகைத் தைராய்டுதான். மருத்துவ ஏடுகளில் 1979 முதல் விவரிக்கப்பட்டுவரும் இந்நோய், முதிய பூனைகளின் ஹார்மோன் நோய்களில் இன்று மிகப் பரவலானது. சுரப்பியில் வளரும் கட்டியே இதற்குக் காரணம். அந்தக் கட்டி பெரும்பாலும் புற்றல்லாதது. அது ஏன் வளர்கிறது என்பதில் டப்பா உணவின் மீதும், வீட்டுப் பொருள்களில் தீத்தடுப்புக்காகச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்களின் மீதும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு, எதுவும் உறுதிப்படவில்லை.

வயதானால் இளைக்கத்தானே செய்யும் என்று என்னிடம் சொல்லாத வீட்டுக்காரர்கள் குறைவு. உங்கள் பூனை இழந்திருப்பது 1.2 கிலோதான் என்றாலும், அது அதன் உடலில் கால் பங்குக்கும் மேல். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 44 கிலோவுக்கு இறங்கியதற்குச் சமம். இதை வயதின் கணக்கிலோ விரதத்தின் கணக்கிலோ எழுதிவிட முடியாது.

மருத்துவரிடம் கொண்டுபோனால், அவர் பூனையின் தாடையைச் சற்றே உயர்த்தி, மூச்சுக்குழாயின் இருபுறமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, குரல்வளையிலிருந்து மார்பெலும்பு தொடங்கும் இடம் வரை மெதுவாக வழித்துப் பார்ப்பார். நலமான சுரப்பி கைக்குத் தட்டுப்படாது. வீங்கிய சுரப்பி ஓரிடத்தில் பட்டாணி அளவில் விரலடியில் நழுவும். இந்நோயில் இதயம் நிமிடத்துக்கு 240 முறைக்கு மேலும் துடிப்பதுண்டு. பின்னர், இரத்தத்தில் டி4 எனப்படும் தைராய்டு ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். நோய் தொடக்க நிலையில் இருந்தாலோ, கூடவே வேறொரு நோய் இருந்தாலோ டி4 இயல்பான அளவைக் காட்டி ஏமாற்றக்கூடும். எனவே ஐயம் தீராவிட்டால் சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவும் சிறுநீரக நோயும் குடல் நோய்களும்கூடப் பூனையை இளைக்க வைக்கும் என்பதால், எடுத்த இரத்தத்திலேயே சர்க்கரையையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்துவிடுவது நல்லது. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கேளுங்கள். அழுத்தம் மிகுந்து விழித்திரை பிரிந்து, ஒரே நாளில் பார்வை இழந்த பூனைகள் உண்டு.

டின் மீன் குழம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக் குழம்பில் சேரும் வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. ஆசைக்கு மீன் கொடுப்பதென்றால், வேகவைத்த வெறும் மீனைத் தனியே எடுத்து வையுங்கள். விரத மாதத்திலும் பூனைக்கு விரதம் கூடாது; டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சி, மீன் வகைகளிலிருந்துதான் கிடைக்கிறது.

கேள்வி: 15 வயதுப் பூனைக்கு மிகைத் தைராய்டு என்று உறுதியாகி, மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். வைத்தியம் தொடங்கினால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று என் தம்பி பயமுறுத்துகிறான். மாத்திரையைக் கண்டாலே பூனையும் ஓடிவிடுகிறது. (வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்)

பதில்: தம்பி சொல்வதில் பாதி உண்மை. மிகைத் தைராய்டு சிறுநீரகத்துக்குப் பாயும் இரத்தத்தைக் கூட்டிவிடுவதால், ஏற்கெனவே பழுதடைந்த சிறுநீரகமும் பரிசோதனையில் நலமானதாகத் தோன்றக்கூடும். சிகிச்சையால் அந்த வேகம் அடங்கும்போது மறைந்திருந்த பழுது வெளியே தெரியும். பார்ப்பவர்களுக்கோ மருந்து கெடுத்ததாகவே தோன்றும். இதற்காகச் சிகிச்சையைத் தவிர்ப்பது சரியல்ல, ஏனெனில் கட்டுப்படாத தைராய்டு இதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே அரிக்கும். குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் டி4 அளவையும் சிறுநீரகத்தையும் மறுபடி பரிசோதித்து, அதற்கேற்ப அளவை மாற்றுவதே முறை.

தைராய்டின் மிகைச் சுரப்பை அடக்கும் மருந்தான மெதிமசோலை வழக்கமாக 2.5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை என்று தொடங்குவார்கள். உடலுக்குள் மெதிமசோலாக மாறும் கார்பிமசோலும் பயன்படுகிறது. முதல் மூன்று மாதங்களில் வாந்தி, பசியின்மை, முகத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வது ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவரை அழையுங்கள். விழுங்க மறுக்கும் பூனைக்கு, காதின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவும் இம்மருந்தைத் தயாரித்துத் தருவதுண்டு. இரு காதுகளிலும் மாறிமாறி, கையுறை அணிந்து தடவ வேண்டும். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்கள் மாத்திரையையும் களிம்பையும் தொடாதிருப்பது நல்லது.

மருந்து சுரப்பைத்தான் அடக்கும், கட்டியைக் கரைக்காது. அதனால் வாழ்நாள் முழுதும் கொடுக்க வேண்டும், காலப்போக்கில் அளவு கூடவும் கூடும். ஒரே ஊசியில் பெரும்பாலான பூனைகளைக் குணப்படுத்துவது கதிரியக்க அயோடின். ஊசிக்குப் பின் சில நாள்களேனும் பூனையைத் தனி அறையில் வைத்திருக்க வேண்டியிருப்பதால், எல்லா ஊர்களிலும் இவ்வசதி இராது. வாய்ப்புள்ள இடத்துக்கு உங்கள் மருத்துவரிடமே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அறுவை சிகிச்சையும் உண்டு. அருகிலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சேதமானால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கும் என்பதால், கைதேர்ந்தவரிடம் மட்டுமே செய்யலாம். அயோடின் குறைத்த உணவு பலன் தர, பூனை அதைத் தவிர வேறெதையும் தின்னக்கூடாது. அடுத்த வீட்டுச் சமையலறைக்கும் உரிமை கொண்டாடும் பூனைகளுக்கு இது நடக்கிற காரியமில்லை.

கேள்வி: மூன்று வயதுப் பூனை இளைத்து வருகிறது. இதுவும் தைராய்டுதானா? (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: இந்த வயதில் அது மிக அரிது. உங்கள் பூனை தின்றும் இளைக்கிறதா, தின்னாமல் இளைக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். குடற்புழு, ஈறு நோய், பூனைகளுக்குள் பரவும் எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. ஆகிய வைரஸ்கள் என்று பார்க்க வேண்டியவை பல. வீட்டில் வேறு பூனைகளும் இருந்தால் தட்டுகளைத் தனித்தனி அறைகளில் வைத்து, யார் பங்கை யார் தின்கிறார்கள் என்று கவனியுங்கள். குழந்தைகளை நிறுக்கும் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து, அந்தத் தாளையும் கொண்டுசெல்லுங்கள். அது இரண்டு நாளாக எதையுமே தொடவில்லை என்றால் தராசுக்கும் தாளுக்கும் காத்திராமல் இன்றே புறப்படுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.