பாகு மணலாகிவிட்டதா? அணைக்காதீர்கள்!

கேள்வி: பாதாமுக்குச் சர்க்கரைப் பாகு பூசலாம் என்று பாதாம், சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் ஒன்றாக அடுப்பில் வைத்தேன். நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்த பாகு திடீரென்று வெள்ளை மணல் மாதிரி வறண்டுவிட்டது. கெட்டுப்போச்சு என்று அணைத்துவிட்டேன். எங்கே தப்பு?

பதில்: தப்பே இல்லை, பாதி வழியில் இறங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். தண்ணீர் வற்ற வற்றக் கிளறிக்கொண்டே இருந்தால் கரைந்த சர்க்கரை மறுபடி படிகமாகத்தான் செய்யும், அந்த மணல் கட்டம் வந்தே தீரும். சொரசொரப்பாக இருந்தால் போதும் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பளபளப்பு வேண்டுமா, தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தூள் உருகிப் பழுப்பாகும், அதை வழித்து வழித்துப் பருப்பின் மேல் புரட்டினால் ஒவ்வொன்றாக மினுங்க ஆரம்பிக்கும். இந்த இடத்தில் போனை எடுத்தால் தொலைந்தது, அரை நிமிடத்தில் கருகிக் கசக்கும்.

அளவு: 2 கப் பாதாம், 1 கப் சர்க்கரை, அரை கப் தண்ணீர். அடிகனமான வாணலி, மரக்கரண்டி. இறக்கும் முன் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள், எனக்கு அது இல்லாமல் ருசிக்காது.

எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, சூட்டோடு இரண்டு முள்கரண்டியால் பிரித்துவிடுங்கள். விரலால் தொட வேண்டாம். உருகிய சர்க்கரை 160 டிகிரிக்கு மேல் இருக்கும், தோலில் ஒட்டினால் விடாது. முழுக்க ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், சூடாக மூடினால் பிசுபிசுத்துவிடும். அப்புறம், அந்த வாணலியைச் சுரண்டாதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானாகக் கரைந்துவிடும்.