அப்பா அடிக்கும் மருந்து

அன்புள்ள சார்,

காய்கறிகளில் தங்கும் பூச்சிமருந்து பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எனக்கு ஊர் பெரம்பலூர் பக்கம். அப்பா நாலு ஏக்கரில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறார், ஓரமாகக் கொஞ்சம் கத்தரி. நான் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். கட்டுரையை அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "மருந்து அடிக்காம ஒரு காய் எடுத்துக் காட்டச் சொல்லு அவர" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இலங்கையில் 2021-ல் உரம், மருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தி என்ன ஆனது என்று பார்த்தோமே. அதற்குப் பிறகும் தடை வேண்டும் என்று எப்படி எழுதுகிறீர்கள்? இன்னொன்று. ஊரிலிருந்து வரும் காயை என் மனைவி உப்பும் புளியும் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்கிறாள். அதில் பலன் உண்டா? அப்பா விளைவித்த காயையே அப்படிக் கழுவுவதைப் பார்க்க என்னவோபோல் இருக்கிறது.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

கழுவுவதை முதலில் முடித்துவிடுகிறேன். கழுவட்டும், தோலின் மேல் ஒட்டியிருப்பது ஓரளவு போகும். வெறும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்தாலே போதும். செடி உறிஞ்சி உள்ளே ஏற்றிக்கொள்ளும் வகை மருந்து என்றால் புளி கரைத்தாலும் போகாது. மருந்து அடித்ததற்கும் காய் பறிப்பதற்கும் நடுவே எத்தனை நாள் விட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கத்தரியில் அந்த இடைவெளியை விடுவது கஷ்டம் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு பறிப்பு, சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். தண்டையும் காயையும் துளைக்கிற அந்தப் புழு உள்ளே போய்விட்டால் மேலே அடிப்பது அதைத் தொடாது. தொடவில்லை என்றதும் இன்னொரு முறை அடிப்பார்கள், அப்புறம் இரண்டைக் கலந்து அடிப்பார்கள். வாடித் தொங்கும் குருத்தை அன்றன்றே கிள்ளி அழித்து, ஆண் பூச்சியை வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் பாதி வேலை குறையும். ஆனால் அதற்கு ஆள் வேண்டும், பக்கத்து வயல்காரரும் செய்ய வேண்டும். மருந்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. விவசாயியை விஷம் வைக்கிறவர் மாதிரிப் பேசும் 'நஞ்சில்லா உணவு' மேடைகள் எனக்கும் எரிச்சல்தான்.

உங்கள் மனைவியின் கவலையும் என் கட்டுரையின் கவலையும் சாப்பிடுகிறவரைப் பற்றியது. அந்த மருந்து முதலில் போய்ச் சேர்வது அடிக்கிறவர் உடம்பில். அதை நான் எழுதாமல் விட்டது தப்பு.

என் சித்தப்பா கூலிக்கு மருந்து அடித்தவர். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. பருத்தி இடுப்பைத் தாண்டி வளர்ந்த பிறகு உள்ளே நுழைந்து அடித்துக்கொண்டு வந்தால் சட்டை முழுக்க நனைந்துவிடும். அளவெல்லாம் மூடிக் கணக்குதான், கலக்குவது வேப்பங்குச்சியால். மருந்து பீய்ச்சும் முனை, அந்த நாசில், அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். ஒரு நாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது, எச்சில் ஒழுகியது, வாந்தி. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணின் பாப்பா குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. உடனே அட்ரோபின் என்ற முறிவு மருந்து போட்டார்கள். இந்த வகை மருந்துகள் பூச்சியின் நரம்பில் எதை முடக்குகின்றனவோ அதையேதான் மனிதனிடமும் முடக்குகின்றன. நரம்பு இட்ட கட்டளை நிற்காமல் ஓடும். எச்சில், கண்ணீர், நெஞ்சுச் சளி எல்லாம் பொங்கும், கடைசியில் மூச்சுத் தசை தளரும்.

"என்ன மருந்து?" என்று டாக்டர் கேட்டார். "பருத்தி மருந்து" என்றார் சித்தி. பெயர் யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது, பில் கிடையாது. தம்பி வண்டியில் ஊருக்குத் திரும்பிப் போய் டப்பாவைக் கொண்டுவந்தான். அதற்குள் மண்ணெண்ணெய் இருந்தது. சித்தி கழுவி ஊற்றி வைத்திருந்தார். நல்ல கெட்டி டப்பா, தூக்கிப்போட மனம் வரவில்லையாம். சித்தப்பா பிழைத்துக்கொண்டார்.

கையுறை போடலாமே, முகமூடி போடலாமே என்பார்கள். சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு ஒரு டேங்க் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வைத்திருக்கும் நடத்தை விதியே இதை ஒத்துக்கொள்கிறது. வெப்ப நாடுகளில் சிறு விவசாயிகளும் கூலிக்காரர்களும் போட முடியாத, வாங்க முடியாத கவசம் தேவைப்படும் மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. வயலில் இறங்கியவனிடம் ஜாக்கிரதை என்று சொல்வதில் பயனில்லை, எந்த டப்பா கடைக்கு வரலாம் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நான் தடை என்று சொல்வது இதைத்தான்.

இலங்கைக்கு வருகிறேன். 2021-ல் நடந்தது வேறு. உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள், நவம்பரில் பின்வாங்கினார்கள். பூச்சிமருந்தைக் குடித்துச் சாகிறவர்கள் அதிகம் இருந்த அதே நாட்டில், அதற்கு முன் கால் நூற்றாண்டாக ஆகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து எடுத்த காரியம் பலருக்குத் தெரியாது. 1984-ல் பாரத்தியானை எடுத்தார்கள். நம் ஊரில் ஒரு தலைமுறை 'பாலிடால்' என்று அறிந்த விஷம் அது. 1995-ல் மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் என்ற இரண்டு பூச்சிமருந்துகளும் போயின. அந்த இடத்துக்கு எண்டோசல்பான் வந்தது. எண்டோசல்பான் விஷம் ஏறிச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் கூடியிருப்பதை ஆஸ்பத்திரிக் கணக்கு காட்டியதும் 1998-ல் அதையும் எடுத்தார்கள். 2008-லிருந்து 2011-க்குள் பாராக்குவாட் என்ற களைக்கொல்லியும், டைமெத்தோயேட், பென்தியான் என்ற பூச்சிமருந்துகளும் போயின. 1995 வாக்கில் லட்சம் பேருக்கு சுமார் 47 என்று இருந்த இலங்கையின் தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. தப்பிய உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். நெல் விளைச்சல் விழவில்லை. மனக்கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு சண்டையின் கோபத்தில் எடுக்கும் முடிவு பல நேரம் விடிவதற்குள் கரைந்துவிடும். அந்த ராத்திரி வீட்டில் இருந்த விஷம் எவ்வளவு கொடியது என்பதைப் பொறுத்துத்தான் விடியலைப் பார்ப்பதே.

நாம் மெதுவாக நடந்தோம். 1958-ல் ஒரே கப்பலில் பாலிடாலும் கோதுமை மாவும் வந்து கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பூச்சிமருந்துக்கான சட்டம் வந்தது 1968-ல். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-ல் உத்தரவு. அடிக்கக் கூடாது என்றார்களே தவிர, பருத்திக்கு என்று சொல்லிக் கடையில் அதே டப்பா இருந்தது. 2013-ல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். என் சித்தியின் மண்ணெண்ணெய் டப்பா எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2023-ல் மத்திய அரசு அதைத் தடைசெய்தது, அதுவும் கையிருப்பு காலாவதியாகும்வரை விற்றுக்கொள்ளலாம் என்ற சலுகையோடு. இலங்கை எடுத்து 28 வருஷம் கழித்து. மாநில அரசு நினைத்தாலும் 1968 சட்டப்படி 60 நாள்தான் நிறுத்திவைக்க முடியும், நீட்டித்தால் இன்னும் 30 நாள்.

அப்பாவிடம் மருந்தே அடிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மோட்டார் கொட்டகையில் இருக்கும் டப்பாக்களை வெளிச்சத்துக்கு எடுத்து வாருங்கள். லேபிளில் ஒரு சதுரம், அதில் கலர் முக்கோணம் இருக்கும். சிவப்புதான் ஆகக் கொடியது, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு இருந்தால் அதே புழுவுக்கு நீலத்திலோ பச்சையிலோ என்ன இருக்கிறது என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுச் சொல்லுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள். காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிடச் சொல்லுங்கள். லேபிளை எல்லாம் படம் எடுத்து அம்மாவின் போனிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். டாக்டர் கேட்டால் காட்டலாம்.