டோக்கன் போட்ட பார்ட்டி நழுவினால் தூக்கம் போகிறதே!

கேள்வி: மனை, வீடு புரோக்கராக இருக்கிறேன். டோக்கன் அட்வான்ஸ் வரை வந்த பார்ட்டி பின்வாங்கினால் ராத்திரி தூக்கமே வருவதில்லை. போன் அடித்தாலே படபடப்பு. என்ன செய்ய?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: பத்திரம் பதிவாகும் வரை கமிஷன் உங்களுடையது இல்லை, ஆனால் டோக்கன் கைமாறிய அன்றே மனசுக்குள் அதைச் செலவழித்துவிடுகிறீர்கள், பாதிக் கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. ஆடியில் வியாபாரம் படுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? தையில் வரும் பணத்திலேயே ஆடி மாத வீட்டுச் செலவை ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், இடத்தைக் காட்டுவதற்கு முன்பே வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம், தேவைப்பட்டால் வாரிசுச் சான்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டால், 'தங்கச்சி கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க' என்று விற்பவர் சொல்லி, கடைசி நேரத்தில் தலையில் இடி விழுவது குறையும் (எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்!). கமிஷன் எவ்வளவு, தருவது யார் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். ராத்திரி 9 மணிக்கு மேல் போன் சைலன்ட்டில் இருக்கட்டும், நிஜமாக வாங்குகிறவர் காலையிலும் கூப்பிடுவார். இதற்கும் அடங்காமல் படபடப்பு வாரக்கணக்கில் நீண்டால் டாக்டரைப் பாருங்கள், இல்லையென்றால் 14416-க்கு போன் செய்யுங்கள். அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.