கதையில் இருக்கும் வேலையைப் பிள்ளை செய்யட்டும்: ஞாயிறு பாடசாலை கேள்வி பதில்

சிறுவர்களுக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தை எளிய செயல்களால் சொல்லிக் கொடுப்பது பற்றித் திருகோணமலைப் பெற்றோரும் ரீச்சர்மாரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், மற்றச் சபையார் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் எல்லோருக்கும் பொதுவான வேதாகமக் கதைகளையே எடுத்திருக்கிறேன்.

பாலையூற்றிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு நாலு வயது. கதை சொன்னால் இரண்டு நிமிடம் இருக்கமாட்டாள். நிறந்தீட்டப் படம் கொடுத்தாலும் கிறுக்கிவிட்டு ஓடிவிடுகிறாள். என்ன செய்யலாம், ரீச்சர்?

இருக்க வைக்க வேண்டாம், தங்கச்சி. ஓட விடுங்கள். லூக்கா 15இல் பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண் வருகிறாள். விளக்கேற்றி, வீட்டைக் கூட்டி, கிடைக்கும்வரை தேடுகிறாள். நீங்களும் பத்துக் குற்றிக் காசுகளை மகளோடு எண்ணி வைத்து, ஒன்றை அவளுக்குத் தெரியாமல் ஒளித்துவிடுங்கள். யன்னலைச் சாத்துங்கள். ரோர்ச்சும் சின்ன விளக்குமாறும் அவள் கையில். கிடைத்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பிஸ்கட் கொடுங்கள், ஏனென்றால் அந்தப் பெண்ணும் அயலாரைக் கூப்பிட்டுத்தான் சந்தோஷப்பட்டாள். அதற்குப் பிறகு ஒரே வசனம் போதும்: "கடவுளும் நம்மை இப்படித்தான் தேடுகிறார்."

செயலைத் தெரிவு செய்யும்போது நான் பார்ப்பது ஒன்றுதான். கதைக்குள் இருப்பவர்கள் என்ன வேலை செய்கிறார்களோ, அதைப் பிள்ளையின் கைக்குக் கொடுக்க வேண்டும். காட்போட் ஆட்டுக்குப் பஞ்சு ஒட்டுவது வடிவான வேலைதான். ஆனால் காணாமற்போன ஆட்டின் கதையில் மேய்ப்பன் தேடிப் போகிறான். தேடிப் பார்த்த பிள்ளைக்குத்தான் கிடைத்த சந்தோஷம் தெரியும்.

மூதூரிலிருந்து புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கிய ஒரு தம்பி: ஒரே வகுப்பில் ஐந்து வயதும் இருக்கிறது, பன்னிரண்டு வயதும் இருக்கிறது. யாருக்குச் சொல்வது? சாமான் வாங்கக் காசும் இல்லை.

ஒரு இறாத்தல் பாண் வாங்க முடியுமா? அது போதும். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த கதையை எடுங்கள். பிள்ளைகளை வட்டமாக இருத்துங்கள். பெரியவர்கள் பிய்த்துக் கொடுக்கட்டும். வாங்கியவர் முதலில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்த பிறகே சாப்பிடலாம். சின்னவர்கள் கடைசியில் தூள் துணிக்கைகளைப் பொறுக்கட்டும், அதையும் இயேசு சொல்லித்தான் செய்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை: இந்தக் கதை நான்கு சுவிசேஷங்களிலும் இருக்கிறது, ஆனால் ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் வைத்திருந்த சிறுவன் ஒன்றில்தான் வருகிறான். எதில் என்று தேடச் சொல்லுங்கள். (யோவானில்.)

ஒன்று மட்டும் வேண்டாம், தம்பி. மேசைக்கடியில் வேறு பாணை ஒளித்து வைத்துப் பெருகியதுபோல் காட்டாதீர்கள். வித்தை என்று பிடிபட்ட நாளில் கதையையும் வித்தை என்றே நினைப்பார்கள்.

கடலோரக் கிராமத்து ரீச்சர் ஒருவர்: இயேசு புயலை அடக்கிய கதைக்குப் பெட்ஷீட்டை ஆட்டி அலை காட்டுவது வழக்கம். எங்கள் பிள்ளைகள் பலரின் வீட்டில் சுனாமியில் போனவர்களின் படம் மாலையோடு தொங்குகிறது. ஒரு மகன் கேட்டான், "என்ர அம்மம்மா போகேக்குள்ள ஏன் கடலை நிப்பாட்டேல்ல?" எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கேள்வி கதைக்குள்ளேயே இருக்கிறது, ரீச்சர். மாற்கு 4ஐப் பாருங்கள். படகு நிரம்பும்போது சீடர்கள் இயேசுவை எழுப்பிக் கேட்பது, நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையில்லையா என்றுதான். அப்படிக் கேட்டதற்காக அவர் ஒருவரையும் படகைவிட்டு இறக்கவில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் அந்த நாளின் கதையோடுதான் வளர்கிறார்கள். ஆகவே இந்த ஊரில் அலை ஆட்டும் விளையாட்டை நான் செய்யமாட்டேன். வாங்கைப் படகாக வைத்து எல்லோரையும் நெருக்கி உட்கார வையுங்கள். சீடர்கள் கேட்டதை ஒவ்வொருவரும் தன் சொல்லில் கேட்கட்டும். எழுதத் தெரிந்தவர்கள் கடுதாசியில் எழுதட்டும், தெரியாதவர்கள் உங்கள் காதில் சொல்லட்டும். பதில் சொல்ல அவசரப்படாமல் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு ஜெபத்தில் வையுங்கள். சங்கீதம் 13 "எதுவரைக்கும்" என்றுதான் தொடங்குகிறது. கடவுளிடம் இப்படியும் கதைக்கலாம் என்று பிள்ளைகள் சிறுவயதிலேயே அறிய வேண்டும்.

விசுவாசம் இருந்தால் கடல் அடங்கும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இறந்தவருக்கு விசுவாசம் இல்லை என்று அந்த மகன் எடுத்துக்கொள்வான். "எனக்கும் தெரியாது மகன், ஆனால் அம்மம்மா கடவுளின் கையில் இருக்கிறா என்று நம்புகிறேன்" என்று சொல்லுங்கள். அது உண்மை, அது போதும்.

ஒரு அப்பா: ஐந்து வயது மகன் பெரிய வெள்ளிக்குப் பயப்படுகிறான்.

இரத்தம் காட்டும் படங்கள் வேண்டாம். குருத்தோலை ஞாயிறில் கிடைத்த ஓலையில் சிலுவை மடிக்கக் காட்டுங்கள். மடிக்கும்போதே கதையைச் சொல்லி, உயிர்ப்புவரை அதே இருப்பில் முடித்துவிடுங்கள். இந்த வயதுப் பிள்ளையை மூன்று நாள் காத்திருக்க வைக்கக் கூடாது.

ஒரு அம்மம்மா: நாங்கள் எல்லாம் மனப்பாடமாகச் சொல்வோம். இப்போது வெட்டி ஒட்டுவதே வேலையாகிவிட்டது.

நீங்கள் சொல்வது சரி, அம்மா. மனப்பாடம் கட்டாயம் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் துணைக்கு வருவது மனதில் இருப்பதுதான். சங்கீதம் 23இல் ஆறு வசனங்கள். கிழமைக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு கையசைவு. ஆறு கிழமையில் முடியும். நீங்களே பேரப்பிள்ளையோடு தொடங்குங்கள்.

உப்புவெளியிலிருந்து: மகளின் கூட்டாளி கோணேசர் கோயிலுக்குப் போகிறவள். "அவளையும் இயேசுவுக்குப் பிடிக்குமா?" என்று கேட்கிறாள்.

பிடிக்கும் என்று தயங்காமல் சொல்லுங்கள். பிறகு நல்ல சமாரியன் கதை. கேட்டவர்கள் ஒதுக்கிவைத்த இனத்தவனைத்தான் இயேசு அதில் நல்லவனாக்கினார். அவன் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டியதுபோல் மகளும் பொம்மைக்குக் கட்டுப்போட்டு விளையாடட்டும். பொங்கலுக்கு அவர்கள் வீட்டிலிருந்து பொங்கல் வந்தால், நத்தாருக்குக் கேக்கை மகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

கடைசியாக ஒரு அம்மா: மகன் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறான். ஞாயிறும் ரியூசன். நேரமே இல்லை.

சனி இரவு அப்பத்துக்கு மா கரைப்பீர்கள்தானே? ஈஸ்ட்டை அவன் கையால் போடச் சொல்லிவிட்டுப் படுக்க அனுப்புங்கள். காலையில் பொங்கியிருப்பதை அவன் பார்த்த பிறகு, மத்தேயு 13:33ஐ வாசியுங்கள். மூன்று படி மாவில் புளித்த மாவை அடக்கி வைத்த பெண்ணைப் பற்றிய ஒரே ஒரு வசனம். அப்பம் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு ரியூசனுக்குப் போகட்டும்.